எழுபது வளைவு இறக்கும் முன்

செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் பழைய சர்வர் ஒருநாள் காலை கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறி சுற்றுகிறது. திரை இருட்டு. உள்ளிருந்து விட்டுவிட்டு பீப் சத்தம். கொல்லிமலைக்கு மேலே மெக்கானிக் வர நாளாகும். பத்து வருஷத்துப் பெட்டிதானே என்று ‘கழிவு’ என எழுதி, சோளக்காடு வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் காரவள்ளிக்கு இறக்கிவிடுவது சுலபமாகத் தோன்றும். அது அவசர முடிவு.

பீப் அடிக்கிற பெட்டி செத்த பெட்டி அல்ல. கிளம்பும்போதே சர்வர் தன் மெமரியை, அதாவது ரேமை, சோதிக்கிறது. குறை கண்டால் பீப் அடித்து நின்றுவிடக்கூடும். நிற்பதே நல்லது. மெமரிப் பிழையோடு ஓடினால் கணக்கே தவறலாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவின்போது ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகக் காட்டப்பட்டன. சொந்தக் கட்சிப் பட்டியலுக்கு விழுந்ததைவிட அவருக்கு அதிகம் இருந்ததால்தான் விஷயம் பிடிபட்டது. பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் 4096. மெமரியில் ஒரேயொரு பிட் 0-விலிருந்து 1-க்குத் தாவியிருக்க வேண்டும் என்பதே நிபுணர்களின் கணிப்பு.

அதற்குக் காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்றார்கள். மலை உயரத்தில் அந்தக் கதிர் கூடுதல்தான். ஆனால் கிளம்பாத சர்வருக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. கூகுளின் சர்வர்களைக் கவனித்து 2009-இல் பியாங்கா ஷ்ரோடர் குழு வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை தென்பட்டது. பெரும்பகுதிக்குக் காரணம் கதிர் அல்ல, வன்பொருள் கோளாறு என்றது அந்த ஆய்வு. பழைய பெட்டியில் இன்னும் எளிய காரணங்களும் உண்டு: ஈரம், தூசி, ஸ்லாட்டில் சரியாக உட்காராத ரேம்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. சர்வருக்குப் பெரும்பாலும் இரண்டு மின்இணைப்பு இருக்கும். இரண்டையும் பிடுங்க வேண்டும். எந்த ரேம் எங்கே இருந்தது என்று செல்போனில் ஒரு படம். உடலில் தேங்கிய மின்னூட்டம் போக, பெட்டியின் உலோகத்தைத் தொட வேண்டும். எல்லா ரேமையும் கழற்றி, முதல் பிராசஸருக்குரிய முதல் ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் வைத்து ஆன் செய்ய வேண்டும். கிளம்பாவிட்டால் அதே ஸ்லாட்டில் அடுத்த ரேம். கிளம்பினால் அந்த நல்ல ரேமை அங்கேயே விட்டு, மற்றவற்றைக் கையேடு சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்; நின்றுபோனால் அந்த ஸ்லாட்டில் வேறு ரேமை வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டது ரேமா, ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். கடைக்காரர்கள் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். அதில் தங்கப்பூச்சு உரியும், துகள் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியே போதும்.

ஒரு பொறியும் உண்டு. சாதாரண ரேமில் ஒரு பக்கத்துக்கு எட்டு சிப் என்றால், பிழை திருத்தும் சர்வர் ரேமில் பெரும்பாலும் ஒன்பது. அந்த ஒன்பதாவதுதான் காவல். அதிலும் ‘ரெஜிஸ்டர்டு’ வகை தனி. அதையும் மற்ற வகையையும் கலந்து போட்டால், ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தாலும் சர்வர் கிளம்பாது. உதவ வந்தவர் கையிலிருந்ததைச் செருகியதாலேயே நல்ல பெட்டி முடங்கக்கூடும்.

இவ்வளவுக்கும் தேவை ஒரு ஸ்குரூ டிரைவரும் ஆல்கஹால் தொட்ட துணியும் ஒத்த வகை உதிரி ரேம் ஒன்றும்தான். மலையிலேயே பிறந்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த இளைஞர்களுக்கு இதைக் கற்றுத்தர ஒரு வாரம் தாராளம். கழித்த சர்வர்களின் ரேமை உதிரியாக எடுத்து வைப்பதிலும் ஆபத்தில்லை: ஹார்டு டிஸ்க் வைத்திருப்பதுபோல அது எதையும் நினைவில் வைத்திருக்காது, மின்சாரம் போன சற்று நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும்.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய சிறு மாற்றம் ஒன்று உண்டு. கழிவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம்: எத்தனை ரேம், எந்தெந்த ஸ்லாட்டில், தனித்தனியாகச் சோதிக்கப்பட்டது? அது காலியாக இருந்தால் அதிகாரி கையெழுத்திடக் கூடாது.