தார் சுற்றும் கைக்குக் கூலி எங்கே?

கூரத்துச் செப்பேட்டின் பெருமை பேசுகிறவர்கள் அதிலுள்ளதைச் சற்றுப் படித்துப் பார்க்கட்டும். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் பரமேசுவரவர்மன், மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவனுக்கு ஒரு பங்கு என்று செம்பிலே வெட்டி வைத்தான். வாயால் வாசித்தவனுக்குப் பங்கு உண்டு. ஆனால் இதே காஞ்சி வட்டாரத்துப் பட்டுத்தறி வீடுகளில் நூல் இழைத்துத் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் பங்கு எந்த ஏட்டில் இருக்கிறது? சேலைக் கூலி பெரும்பாலும் தறியில் உட்கார்ந்தவன் பெயருக்கே போகின்றது. அவள் பாடுபடுவதற்கு 'ஒத்தாசை' என்று பெயராம்! தார் இல்லாமல் நாடா ஓடுமா என்று கேட்கின்றோம்.

"உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-லேயே சட்டம் செய்தாகிவிட்டதே" என்பார்கள். நல்லதுதான். ஆனால் அதுவே போதுமா? இலங்கையைப் பாருங்கள். 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமரானார். அதே நாட்டில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களோ, 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாய்க் கிடந்தார்கள். 1964-இல் அந்த அம்மையாரும் இந்திய சர்க்காரும் செய்த ஒப்பந்தம், ஆண் பெண் குழந்தைகளாக 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அவர்களைக் கேளாமலே முடிவு கட்டிற்று. ஆகவே நாற்காலியில் ஒரு பெண் உட்காருவதனால் மாத்திரம் உழைக்கும் பெண்ணுக்கு விடுதலை வந்துவிடாது.

நெசவாளர் சங்கப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறவேண்டும்; அவள் கூலி அவள் கைக்கே வரவேண்டும். தோழர்களே, சர்க்கார் செய்யட்டுமென்று காத்திராமல், உங்கள் வீட்டுத் தறியிலேயே இதை முதலில் தொடங்குங்கள்!