பந்தாட்டக்காரனும் தொழிலாளிதான்!

"கால்பந்தாட்டம் பொழுதுபோக்கு. உழைப்பாளிகளின் பத்திரிகையில் அதற்கென்ன இடம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்தக் கேள்வி எழாது. வலை இழுத்த களைப்பு தீருமுன்பே மணலில் பந்தை உருட்டும் பையன்களை அங்கே நாம் பார்க்கிறோம். கெட்டிக்காரப் பையனைக் காட்டி, "இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான்" என்கிறார்கள் பெரியவர்கள். வரட்டும். வந்த பிறகு அவன் கதி என்ன?

இதற்குப் பதில் சொல்ல ஒரு மீனவப் பிள்ளையின் வரலாறே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் தூத்தூருக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் இரவிபுத்தன்துறை. அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். மைதானத்தின் ஓரத்தில் பந்தோடு பாய்ந்து எதிரியின் காவலை உடைப்பதே அவர் வேலை. 'விங்கர்' என்பார்கள், நம் பழைய ரசிகர்களுக்கு 'லெப்ட் அவுட்' என்றால் புரியும். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் ஆடிப் பெயர் எடுத்தார். 2018-ல் டாட்டா ஸ்டீலின் ஜாம்ஷெட்பூர் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2019-ல் இந்திய அணியில் ஆடினார். அதே ஆண்டு கோயங்கா முதலாளியின் ஏ.டி.கே. அணிக்குப் போனார். 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. கடலோரக் கிராமம் பெருமைப்பட்டது. நாமும் பெருமைப்படுகிறோம்.

அதே ஆண்டு நவம்பர் 20. புதிய பருவத்தின் முதல் ஆட்டம். பாதி நேரம் முடியுமுன்பே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்திரத்தில் விரல் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நெசவாளிக்குக் கை போல, ஆட்டக்காரனுக்குக் கால்தான் மூலதனம். அவன் உழைக்கும் காலமோ பத்துப் பதினைந்து வருஷம். ஒப்பந்தம் முடிந்தால் வேலை முடிந்தது. சூசைராஜ் பெயர் பெற்றவர். பின்னர் ஒடிஷா அணியில் இடம் கிடைத்தது. பெயர் தெரியாத பையனுக்கு இதே அடி விழுந்தால் யார் கேட்பார்கள்?

அடி படாதவனுக்கும் நிம்மதியில்லை. ரிலையன்ஸ் சார்ந்த கம்பெனி நடத்திவந்த ஐ.எஸ்.எல்., உரிமை ஒப்பந்தத் தகராறில் 2025 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் அணியும் வேலைகளை நிறுத்தியது. ஆலைக்குப் பூட்டுப் போட்டால் கதவடைப்பு என்கிறோம். மைதானத்துக்குப் பூட்டுப் போட்டால் அதற்கு வேறு பெயரா?

முன்பு சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எப். போன்ற அணிகளில் ஆடியவனுக்கு வேலை இருந்தது. காலில் அடி பட்டாலும் வீட்டில் உலை கொதித்தது. லாபக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு பிடிக்கவில்லை.

"ஆட்டக்காரனுக்கு லட்சம் லட்சமாய் வருகிறதே, அவன் எப்படித் தொழிலாளி?" என்று கேட்பவர் உண்டு. சிலருக்கு வருகிறது, பலருக்கு இல்லை. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் சங்கம் 1907-லேயே பிறந்தது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கூடாது என்று அங்கே முதலாளிகள் வரம்பு கட்டியிருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்வோம் என்று சங்கம் உறுதியாக நின்றபின்தான் 1961-ல் அந்த வரம்பு ஒழிந்தது. நம் நாட்டிலும் 2006 முதல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அது பலப்பட வேண்டும்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. யார், எந்த நாளில், எங்கே வலை இறக்குவது என்று முறைவைத்துத் தொழில் செய்கிறார்கள். அதிலும் குறைகள் உண்டு. ஆனால் வலுத்தவனே எல்லாவற்றையும் வாரிக்கொள்ள முடியாது. எழுத்தறியாத முன்னோர் ஏரிக்கு ஒரு முறை கண்டார்கள். கோடிகள் புரளும் பந்தாட்டத்துக்கு ஒரு முறை காண சர்க்காரால் முடியாதா?

நாம் கேட்பது அதிகமில்லை. மீனவக் கிராமங்களுக்கு ஒழுங்கான மைதானம், சம்பளம் பெறும் பயிற்சியாளர். ஆடும் ஒவ்வொருவருக்கும் காய இன்ஷூரன்ஸ். பொதுத்துறையில் விளையாட்டு வீரர்களுக்கு மீண்டும் போதிய வேலை. கைதட்டுவது சுலபம். ஆட்டம் முடிந்தபின் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதுதான் உழைப்பாளிக்கு அழகு.