மேட்டூர் நீர்மட்டத்தை வரைந்து காட்டுங்கள்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று தமிழ் நாளிதழ்கள் பல்லாண்டுகளாக எழுதிவருகின்றன. எண்கள் சரியானவைதான். ஆனால் தலைப்பில் இடம்பிடிப்பது பெரும்பாலும் அடிக்கணக்கு. வாசகரை அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. 120 அடி நிரம்பினால் மேட்டூரில் இருப்பது 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்று படிப்பவர் பாதி அணை நிரம்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். அப்போது அணையில் இருப்பதோ ஏறக்குறைய 25 டி.எம்.சி.; கால்வாசிக்குச் சற்றே கூடுதல். நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே போகப் போக அகன்று கிடப்பதால், 100 அடிக்கு மேலுள்ள கடைசி 20 அடியில் மட்டும் சுமார் 28 டி.எம்.சி. தேங்குகிறது. கீழே உள்ள 60 அடி நீரைவிட அது அதிகம். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணையின் முழு மட்டம் 124.80 அடி, மேட்டூரைவிடக் கூடுதல். கொள்ளளவோ 49.45 டி.எம்.சி.தான். அடிக்கணக்கை வைத்து இரண்டு அணைகளையும் ஒப்பிட்டுப் பேசும் ஒவ்வொரு பேச்சும் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறது. அணையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ஒரு சிறு படமாக வரைந்து, இன்றைய நீரை அதில் நிழலிட்டுக் காட்டினால் போதும். பத்து வரி விளக்கம் தேவைப்படாது.

காவிரிச் செய்தியில் நாளிதழ்கள் எண்களைத் தாராளமாகவே தருகின்றன. அவற்றை எதனோடு வைத்துப் பார்ப்பது என்பதைத்தான் தருவதில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் காவிரி மேலாண்மை ஆணையம், 15 நாள்களுக்கு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் தமிழகத்துக்குத் தண்ணீர் விடும்படி கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. செப்டம்பரிலும் அதே அளவு தொடர, பெங்களூரில் முழு அடைப்பு நடந்தது. இங்கே டெல்டாவில் குறுவை கருகியது. 5,000 கன அடி என்பது அதிகமா, குறைவா? செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்? கணக்கு எளிதுதான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அப்படியானால் 15 நாள் உத்தரவின் மொத்த அளவு ஏறக்குறைய 6.5 டி.எம்.சி. 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இயல்பான மழை ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டியது 177.25 டி.எம்.சி.; அதில் செப்டம்பர் பங்கு 36.76. நாள் கணக்கில் பார்த்தால், ஆணையம் விடச் சொன்னது இயல்பான செப்டம்பர் அளவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. ஒரு தரப்பு ‘தண்ணீரைப் பறிக்கிறார்கள்’ என்றும் மறு தரப்பு ‘வஞ்சிக்கிறார்கள்’ என்றும் முழங்கிய அந்த வாரங்களில், இந்த ஒரே ஒப்பீடு முதல் பக்கத்தில் படமாக வந்திருந்தால் பேச்சின் தரமே மாறியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எப்படிப்பட்ட படம்? ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95 என்று மாதப் பங்கீடு அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் வகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் ஆகஸ்ட் முடிவில் 86.38 டி.எம்.சி.யில் நிற்கும் ஏறுகோடு ஒன்று கிடைக்கும். பிலிகுண்டுலுவில் உண்மையில் வந்துசேர்ந்த நீரை அதே தாளில் இன்னொரு கோடாக வரையலாம். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் அன்றைய பாக்கி. ‘சாதாரண வாசகருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது’ என்று பத்திரிகை அலுவலகங்களில் சொல்வதுண்டு. நம் வாசகரைக் குறைத்து மதிப்பிடும் பேச்சு அது. கிரிக்கெட் ஒளிபரப்பில் இரண்டு அணிகளின் ரன்களும் ஓவருக்கு ஓவர் இரு கோடுகளாக ஏறுவதைப் பார்த்து, யார் முந்துகிறார்கள் என்று டீக்கடையில் நின்றபடியே சொல்லிவிடுகிற ஊர் இது. காவிரிக் கோடுகளும் அதே வகைதான்.

வரைபடமும் பொய் சொல்லும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவில் வெட்டினால் சிறு சரிவும் பாதாளமாகத் தெரியும். மேட்டூரை அடிக்கணக்கிலேயே வரைந்தால் முதலில் சொன்ன ஏமாற்று படத்தோடு வந்து இன்னும் ஆழமாகப் பதியும். ஆனால் சொல்லில் ஒளிந்திருக்கும் சாய்வைவிடப் படத்தில் இருக்கும் சாய்வைக் கண்டுபிடிப்பது எளிது. அச்சு எங்கே தொடங்குகிறது, தரவு யாருடையது, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்ற மூன்றையும் படத்தின் கீழே அச்சிட்டுவிட்டால் எந்த வாசகரும் அதைச் சோதிக்கலாம். ‘அணை வேகமாக வறண்டுவருகிறது’ என்ற வாக்கியத்தை அப்படிச் சோதிக்க வழியில்லை. எண்ணும் கோடும் விவசாயியின் துயரத்தை மறைத்துவிடும் என்ற கவலையும் நியாயமானது. கடைமடையில் கருகிய பயிரின் புகைப்படத்தை எடுத்துவிட்டு அங்கே கோடு போடச் சொல்லவில்லை. புகைப்படம் ஒரு வயலைக் காட்டட்டும், கோடு அந்த வயலுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்பதைக் காட்டட்டும். ஆள், நேரம், செலவு என்ற சாக்கு எடுபடாது. அணை எண்கள் தினமும் அலுவலகத்துக்கு வந்துசேர்கின்றன. ஒருமுறை வடிவமைத்த படத்தில் புதிய எண்ணைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும்.

நேர்மையாக வரைந்தால் படம் நம் தரப்புக்கு மட்டும் சாதகமாக இருக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு கர்நாடக அணைகளின் இருப்பையும் அதில் சேர்த்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழை பொய்த்த 2023-ஐ அப்படி வரைந்தால், இயல்பான ஆண்டுக்கான கோட்டை மட்டும் வைத்து அந்த ஆண்டை அளக்க முடியாது என்பது புலப்படும். பற்றாக்குறை ஆண்டில் இருக்கிற நீரை விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று 2007-லேயே காவிரி நடுவர் மன்றம் சொல்லியிருந்தது. ஆனால் அந்த விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில், 2023-இல் இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட சூத்திரம் எதுவும் கையில் இல்லை. படத்தில் வரைந்தே தீர வேண்டிய மூன்றாவது கோடு அந்த விகிதாசாரப் பங்குதான். அதை எந்த எண்ணை வைத்து வரைவது என்று ஆணையத்திடம் கேட்கும் பொறுப்பு பத்திரிகைகளுக்கு இருக்கிறது.