திரையில் தெளிந்தது எழுத்து, தீர்ந்ததா சிக்கல்?

கம்ப்யூட்டர் திரையில் எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கத் தோன்றும். பகலெல்லாம் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஊர்ச் செய்தியைத் தமிழில் படிக்க உட்காரும் மும்பைத் தமிழருக்கு அது செய்திதான். தலைமேல் ஒரு புள்ளி மங்கினால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். சிறு சுழி ஒன்று மறைந்தால் ‘பீடி’ என்பது ‘பிடி’ ஆகிவிடும். செய்தியில் இப்படி நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மனுவிலும் பத்திரத்திலும் நேர்ந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

2025 ஜனவரியில் வெளியான குரோம் பிரவுசரின் 132-ஆவது பதிப்பில் இது தொடர்பான ஒரு மாற்றம் வந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுத்தின் கருமை எவ்வளவு, விளிம்பின் நிழல் எவ்வளவு என்பதை அவரவர் கண்ணுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி நெடுநாளாக இருக்கிறது. ஆனால் குரோம் அந்த அளவுகளைப் பொருட்படுத்தாமல், தனக்கென்று வைத்திருந்த அளவுகளையே பயன்படுத்தி வந்தது. பயனர் தேர்ந்தெடுத்த அளவையே இனி பிரவுசரும் பின்பற்றும். குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தில் இந்த வேலையைச் செய்து கொடுத்தவர்கள், போட்டி நிறுவனமான மைக்ரோசாஃப்டின் பொறியாளர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று நிறத்தின் வேலை

இதன் பின்னணியில் உள்ள முறைக்குக் கிளியர்டைப் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 1998-ல் இதை அறிவித்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் இது பரவலாகக் கைக்கு வந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிறு கோடுகளால் ஆனது. மூன்றையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் கொண்டால், எழுத்தின் வளைவு படிக்கட்டுப் போல உடைந்து தெரியும். மூன்றையும் தனித்தனியே இயக்கினால் குறுக்குவாட்டில் நுட்பம் கூடி, வளைவு வழவழப்பாகத் தோன்றும். நேர்கோடு மிகுந்த ஆங்கில எழுத்தைவிட, வளைவும் சுழியும் மிகுந்த தமிழுக்கு இந்த வழவழப்பு அதிகம் தேவை.

நம்மில் பெரும்பாலோர் படிப்பது கைப்பேசியில்தான். அங்கே திரைப்புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதால் தெளிவுக்குக் குறைவில்லை. ஆண்டிராய்டு குரோமில் வந்த மாற்றம் வேறு வகையானது. இணையப் பக்கம் தன்னோடு கொண்டுவரும் எழுத்துருக் கோப்பை, அதாவது ஃபான்ட்டை, படித்து வரைவதற்கு ஃப்ரீடைப் என்ற பழைய நிரல் பயன்பட்டு வந்தது. 2025-ல் வெளியான 133-ஆவது பதிப்பு முதல், ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்பட்ட ஸ்க்ரிஃபா அந்த வேலையை ஏற்றது. காரணம் பாதுகாப்பு. யாரோ அனுப்பும் ஃபான்ட் கோப்புக்குள் சூது ஒளிந்திருந்து, பழைய நிரலின் நினைவகப் பிழை வழியே உள்ளே நுழைய இடம் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதே கைப்பேசியில்தான் என்பதை நினைத்தால், இது அழகு பற்றிய விஷயம் மட்டும் அல்ல என்பது விளங்கும்.

எங்கே தடை?

தமிழ் எழுத்தைக் கோப்பதில் இருந்த சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ‘கொ’ என்ற எழுத்தில் ‘க’வை முதலிலும் ஒகரக் குறியைப் பின்னாலும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறது. ஆனால் திரையில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒழுங்காகச் செய்கிறது.

அப்படியானால் குறை எங்கே? முதலாவது, பழைய கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 7-க்குக் குரோமின் 109-ஆவது பதிப்போடு வழி அடைபட்டுவிட்டது. 2023-ல் வந்த 110 முதல் எந்தப் பதிப்பும் அதில் ஏறாது. பழைய கம்ப்யூட்டரையே நம்பியிருக்கும் சிறு கடைக்கும் சங்க நூலகத்துக்கும் மேலே சொன்ன திருத்தம் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது, பழைய ஃபான்ட்டில் கிடக்கும் தமிழ். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. இருந்தும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு ஃபான்ட் என்று தமிழ் சிதறிக் கிடந்தது. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்ற முறைகளை ஏற்று, 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்டவை தாமாக மாறிவிடவில்லை. உரிய ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். எவ்வளவு நல்ல பிரவுசரும் அதைத் தமிழாக்கிக் காட்டாது.

மூன்றாவது, அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் வழக்கம். படத்தில் உள்ள எழுத்து பிரவுசருக்கு எழுத்தே அல்ல. பெரிதாக்கினால் இன்னும் மங்கும். தேடினாலும் எளிதில் அகப்படாது. அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரிக்க முடிந்தவருக்கு இதனால் நஷ்டம் குறைவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்தத் திரையே அலுவலகத்தின் ஜன்னல்.

புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் செய்ய வேண்டியது எளிது. விண்டோஸின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘கிளியர்டைப்’ என்று தட்டினால் மாதிரிகள் தோன்றும். கண்ணுக்கு இதமானதைத் தேர்ந்துகொள்ளலாம். குரோம் அமைப்புகளில் எழுத்தின் குறைந்தபட்ச அளவைக் கூட்டிவைக்கவும் வழி உண்டு.

பொறியாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். எழுத்தை யூனிகோடில், எழுத்தாகவே தர வேண்டியது இனி அரசு அலுவலகங்களின், வங்கிகளின், பதிப்பகங்களின் பொறுப்பு. கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும், தாளில் மை மங்கியிருந்தால் படிக்க முடியாது.