ஓடு உடைக்கும் கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மயிலாப்பூரில் நமது நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். காபி வருவதற்கு முன்னால் நண்பர் தம் பெண்ணைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு உன் வித்தையைக் காட்டு, அம்மா!" என்றார். அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னால் பெண் வீணையை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். இந்தப் பெண்ணோ இரண்டு செங்கற்களையும் மூன்று ஓடுகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். செங்கற்களின் மேல் ஓடுகளை அடுக்கினாள். "ஹா!" என்று ஒரு மூச்சு விட்டாள். மறுகணம் மூன்று ஓடுகளும் ஆறாகிக் கிடந்தன. "பேஷ்!" என்றோம். மனப்பூர்வமாகவே சொன்னோம். வீணைக் காலத்தில் மனப்பூர்வமில்லாமலும் சில வீடுகளில் 'பேஷ்' சொன்னதுண்டு. அது வேறு விஷயம்.

பெண் காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். கராத்தே கற்க ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறதாம். "இனிமேல் இவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை" என்றார் நண்பர்.

நாம் சும்மா இருந்திருக்கலாம். பத்திரிகைக்காரனுக்கு அந்தப் பாக்கியம் ஏது? "பஸ்ஸில் எவனாவது வம்பு செய்தால் என்ன செய்வாய், அம்மா?" என்று கேட்டுவிட்டோம்.

பெண் தன் தகப்பனாரை ஒரு தடவை பார்த்தாள். "அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன், மாமா."

"வீட்டில் வந்து சொல்வாய் அல்லவா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னால், நாளையிலிருந்து காலேஜுக்குப் போக வேண்டாம் என்பார்கள்."

கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நண்பரின் மனைவி உடைந்த ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

நேயர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மூன்று ஓடுகளை ஒரே அடியில் உடைக்கக்கூடிய கை அது. பஸ்ஸில் வம்பு செய்பவனுடைய விரல்கள் ஓட்டைவிடக் கெட்டியானவை அல்ல. ஆனால் போக்கிரியைக் காட்டிலும் வீட்டுக்கு அதிகமாகப் பயப்படும்படி அந்தப் பெண்ணை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம். அவளுடைய கையைக் கட்டிப்போடுவது அந்தப் பயந்தான்.

பெண்களின் தற்காப்பு என்று பேச்சு வந்தால், இருட்டுச் சந்தில் பாயும் முன்பின் தெரியாத முரடன்தான் நம் மனக்கண் முன் வந்து நிற்கிறான். அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டு வந்திருக்கும் கணக்குகளைப் பாருங்கள். பதிவான பலாத்கார வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன்: உறவுக்காரன், அண்டை வீட்டுக்காரன், சிநேகிதன் என்று சொல்லிக்கொள்பவன், வேலை கொடுப்பவன். இவர்களிடம் கராத்தே அடி அவ்வளவு சுலபமாகப் பிரயோகமாவதில்லை. 'பெரியவர் மனம் புண்படுமே', 'அத்தை என்ன நினைப்பாள்', 'நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ' என்ற தயக்கங்கள் கையைத் தூக்க விடுவதில்லை.

கானடா தேசத்தில் இதை ஒரு பரீட்சையாகவே செய்து பார்த்தார்கள். மூன்று சர்வகலாசாலைகளில் முதல் வருஷம் படித்த 893 மாணவிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய துண்டுப் பிரசுரங்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு தடவை, ஆக மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், பயிற்சி அளித்தார்கள். அந்தப் பன்னிரண்டு மணியில் கை கால்களுக்கான பயிற்சி ஒரு சிறு பகுதிதான். தெரிந்த மனிதனின் நடத்தையில் அபாயம் எப்படித் தலைகாட்டும், அதை அபாயம் என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்வது எப்படி, மரியாதைக்காகத் தயங்காமல் காரியம் செய்வது எப்படி என்பனவே மற்றவை. ஒரு வருஷத்துக்குப் பிறகு விசாரித்தபோது, பிரசுரம் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 9.8 பேர் பலாத்காரத்துக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 பேர். 2015-ல் வெளியான முடிவு இது. அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது என்றால், அது சாமானியமான விஷயமா?

கூடத்து மௌனத்தைக் கலைத்தவர் நண்பரின் தாயார்தான். எழுபத்தெட்டு வயதான பாட்டி. ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர், கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இதைக் கழற்றினதே இல்லை. பஸ்ஸில் ஏறினவுடன் எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொள்வேன். எத்தனையோ பேரைக் குத்தியிருக்கிறேன்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "உன் அப்பாவுக்குக் கடைசி வரையில் தெரியாது. சொல்லியிருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பார்" என்றார்.

பேத்தி பாட்டியை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே வீட்டில், ஐம்பது வருஷ இடைவெளியில், ஒரே இரகசியம்!

பாட்டிக்கு ஒரு சந்தேகம் மட்டும் இத்தனை காலமும் தீராமல் இருந்திருக்கிறது. "குத்தினது குற்றந்தானே? எவனாவது போலீஸுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று நம்மைக் கேட்டார்.

குற்றமில்லை, பாட்டி. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள். உடம்புக்கு ஆபத்து வரப்போகிறது என்று நியாயமான பயம் உண்டான கணத்திலேயே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. அடி விழும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. தப்புவதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது நிபந்தனை. பஸ்ஸில் கை நீட்டியவனுக்கு ஊக்கு முனை, நாம் அறிந்த வரையில், மிகவும் மிதமான பதில். பலாத்காரம் செய்யும் நோக்கத்துடனோ, கடத்திக்கொண்டு போகும் நோக்கத்துடனோ தாக்க வருபவனை எதிர்க்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றமாகாது என்று 38-ம் பிரிவு கூறுகிறது. திராவகம் வீசுவதும், வீச முயல்வதும் 2013-ல் அந்த ஜாபிதாவில் சேர்ந்தன. ஆனால் அபாயம் நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து நையப் புடைப்பது தற்காப்பு அல்ல.

இந்தச் சட்டத்துக்கு 1837-ல் முதல் நகல் தயாரித்தவர் மெக்காலே. அவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருந்தாலும், இத்தேசத்து ஜனங்களின் எதிர்க்கும் தைரியத்தை வளர்ப்பதே அவசியம், அதற்குத் தடைகளை அடுக்குவது அல்ல என்ற கருத்தை நகலின் குறிப்பில் அவர் எழுதி வைத்தார். எதிர்க்கும் தைரியத்தைப் பின்னால் எந்தக் காரியத்துக்கு உபயோகித்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அஹிம்சா மூர்த்தியான காந்திஜிக்கே இவ்விஷயத்தில் தயக்கம் இருக்கவில்லை. 1942 மார்ச்சில் 'ஹரிஜன்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். தாக்கப்படும் பெண் அந்த நேரத்தில் ஹிம்சையா அஹிம்சையா என்று விசாரம் செய்துகொண்டிருக்க வேண்டாம், தன்னைக் காத்துக்கொள்வதே அவளுடைய முதற்கடமை, நகமும் பல்லும் இருக்கின்றன அல்லவா என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பெரும் பிழையாகிவிடும். எல்லாப் பெண்களாலும் எல்லாச் சமயங்களிலும் எதிர்க்க முடிவதில்லை. பயத்தின் உச்சத்தில் உடம்பு மரக்கட்டையாகிவிடுவதுண்டு. குரல் எழும்பாது, கை அசையாது. அது கோழைத்தனமும் அல்ல, சம்மதமும் அல்ல. மஹாராஷ்டிரத்தில் 1972-ல் ஓர் ஏழை ஆதிவாசிப் பெண் போலீஸ் ஸ்டேஷனிலேயே பலாத்காரம் செய்யப்பட்டாள் என்று வழக்கு நடந்தது. அவள் உடம்பில் காயமில்லை, கூச்சலிட்டதாகத் தெரியவில்லை என்ற காரணங்களைக் காட்டி, 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. மறு வருஷம் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் நீதிமன்றத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தேசமெங்கும் பெண்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1983-ல் சட்டம் திருந்தியது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் சம்மதித்தாள் என்று கொள்ளலாகாது என்பது 2013-ல் சட்டத்திலேயே ஏறியது. ஆகவே, தற்காப்புக் கற்ற பெண்ணிடம், "நீ ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்கும் வாயையும் முதலில் மூட வேண்டியிருக்கிறது.

இனி நண்பர் வீட்டுக்கு வருவோம். தெரிந்து வைத்துக்கொள்ளத்தக்க சில விஷயங்களை அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவசரத்துக்கு டெலிபோன் எண் 112, பெண்களுக்கென்றே 181. புகாரை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் மறுபடி மறுபடி பின்தொடர்ந்து வந்து தொந்தரவு செய்தால், 78-ம் பிரிவின்படி முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை உண்டு. கையோ முழங்காலோ, அடிப்பதெல்லாம் ஜயிப்பதற்கு அல்ல, ஓடுவதற்கு அவகாசம் கிடைப்பதற்காக. இதெல்லாம் அவள் ஆசிரியர் முன்பே சொல்லியிருக்கிறாராம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் கண் தகப்பனார் மேலேயே இருந்தது.

நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இனிமேல் எதுவானாலும் வந்து சொல்லு. காலேஜை நிறுத்த மாட்டேன்" என்றார்.

"சத்தியமாகவா, அப்பா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அதை நாம் குறையாகக் கூறவில்லை. பெண் வீடு திரும்பக் கால்மணி நேரம் தாமதமானால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கும் மனிதர் அவர். ஊஞ்சல் இரண்டு தடவை போய் வந்த பிறகு, "சத்தியமாக" என்றார்.

"சரி, பஸ்ஸில் எப்படிக் கத்துவாய்? கத்திக் காட்டு, கேட்போம்" என்றார் பாட்டி.

பெண் எழுந்து நின்று, "கையை எடு" என்றாள். புத்தகசாலையில் புத்தகம் கேட்கும் குரலில் சொன்னாள். 'மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி' என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குரல் வேறு எப்படி வரும்? பாட்டி தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை கொஞ்சம் தேவலை. பிறகு பாட்டியே ஊஞ்சலை நிறுத்திவிட்டு, எப்படி என்று ஒரு தடவை சொல்லிக் காட்டினார். கையிலிருந்த காபித் தம்ளரை நாம் கீழே வைத்துவிட்டோம். நான்காவது தடவை பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கத்தியபோது, கீழ் வீட்டுக்காரர் மாடிப்படிகளில் ஓடிவந்து, "என்ன ஆயிற்று? யார் அவன்?" என்று கேட்டார்.