தெர்மாகோலும் கயாக்கும் வைகை அணையும்

தேனி மாவட்டத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடல் தண்ணியில் கால் நனைக்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் போகணும். ஆனாலும் யூடியூபில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கயாக்கில் உட்கார்ந்துகொண்டு பெரிய மீனோடு போஸ் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, நம்ம வைகை டேம்ல இதை பண்ணா எப்படிடா இருக்கும்?" என்று கேட்கிற பையன்கள் கம்பம், போடி, சின்னமனூர் பக்கமெல்லாம் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அடுத்து கேட்கிற கேள்வியெல்லாம் எந்த கம்பெனி, எத்தனை அடி, என்ன ராடு, என்ன விலை என்றே போகிறது. நீச்சல் தெரியுமா என்று ஒருத்தனும் ஒருத்தனைக் கேட்பதில்லை!

முதலில் ஒரு சின்ன சரித்திரம். கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் கண்டுபிடித்த வேட்டைப் படகு. மரம் கிடைக்காத ஊர் என்பதால் கடலில் ஒதுங்கிய கட்டையிலும் எலும்பிலும் கூடு கட்டி, சீல் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். நம்ம ஊர் பரிசலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூங்கிலில் கூடை பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். இரண்டும் ஒரே யோசனைதான். ஒன்று நீளமாகப் போனது, இன்னொன்று வட்டமாக நின்றுவிட்டது. வைகை அணையில் இன்றைக்கும் மீன்பிடிக்கிறவர்கள் அந்த வட்டமான பரிசலில்தான் போகிறார்கள். சிறு படகில் மீன் பிடிப்பது தேனிக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் அணைக்கட்டுப் பக்கம் சிரித்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2017 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? கடும் வறட்சி. வைகை அணையில் இருந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரும் ஆவியாகாமல் இருக்க அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு தலைமையில் தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே காற்று அத்தனையையும் கரையில் ஒதுக்கிவிட்டது. ஊரே சிரித்தது, மீம்ஸ் போட்டே ஓய்ந்துபோனார்கள். ஆனால் அன்றைக்கு அணை ஒரு பாடம் நடத்தியது, அதை யாரும் கவனிக்கவில்லை. லேசாக, தட்டையாக, தண்ணீருக்கு மேலேயே மிதக்கிற எந்தப் பொருளும் அந்தக் காற்றுக்குச் சொந்தம். முப்பது கிலோ பிளாஸ்டிக் கயாக்கும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். :-)

கம்பம் பள்ளத்தாக்கின் காற்று சாதாரணக் காற்று இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற இடைவெளிகளில் பாலக்காடு, செங்கோட்டை மாதிரி கம்பமும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் பீய்த்துக்கொண்டு வரும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது அழகுக்கா என்ன? ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர் மதியத்துக்கு மேல் அலை அடிக்கும். அணையின் நடுவில் மாட்டிக்கொண்ட புதுப் பையனுக்கு, கரை கண்ணுக்குத் தெரியும், கைதான் வலிக்கும், கரை கிட்ட வராது.

இதற்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள். போகும்போது காற்றை எதிர்த்துப் போகணும், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரணும். தெம்பு இருக்கும்போது கஷ்டம், களைத்தபிறகு சுகம். தொடங்குகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காற்று தள்ளுகிற சுகத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டு அப்புறம் முழிக்கிறார்கள். நங்கூரம் போடுவதானால் மூக்குப் பக்கமோ வால் பக்கமோ கட்டவேண்டும். இடுப்புப் பக்கம் கட்டினால் காற்றும் அலையும் பக்கவாட்டில் வந்து ஒரே தள்ளு, ஆள் தண்ணீரில்.

கவிழ்ந்தால் என்ன செய்வது? கயாக் மீன்பிடியின் முதல் பாடமே அதுதான். முதல் நாள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடணும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், கூட ஒரு ஆளோடு, வேண்டுமென்றே கவிழ்ந்து திரும்ப ஏறிப் பழகணும். பத்துத் தடவை ஏற முடிந்தவன் ஆழத்துக்குப் போகலாம். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகைக் கயாக்கில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், நிமிர்த்திப் போட்டு வயிற்றால் ஏறிவிடலாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகையில் தண்ணீர் நிரம்பிவிட்டால் புதியவர் பாடு திண்டாட்டம். ஆகவே தொடங்குகிறவருக்கு முதல் வகைதான்.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. குமுளியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி. ஆனாலும் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் போட்டு அதன்மேல் மெத்தை மாதிரி உட்காருகிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது காசுக் கணக்கு. மீன்பிடிக்கென்றே வருகிற கயாக் சில பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகும். அதைத் தூக்க கார் வேண்டும், ஸ்பிளெண்டரில் கட்டிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து வர முடியாது. வருஷத்தில் காற்று மாசம் நாலு போச்சு. தண்ணீர் இறங்கிவிடுகிற கோடையில் வண்டல் சேறு முழங்கால் வரை இழுக்கும், கயாக்கை இறக்கவே முடியாது. மிச்ச நாட்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறோம் என்று எண்ணி, விலையை அதால் வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ ஜிலேபிக் கெண்டை என்ன விலைக்கு விழுகிறது என்று தெரியும். முதல் வருஷக் கணக்குப் பதிவியல் படித்தவருக்கே மயக்கம் வரும். முதலில் வாங்கவேண்டியது நல்ல ஜாக்கெட் ஒன்றுதான். அதோடு தங்கூஸ், முள், ஈயம், தக்கை எல்லாம் சேர்த்து சில்லறைக் காசு. கரையிலிருந்து ஒரு சீசன் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் படகைப் பற்றி யோசிக்கலாம்.

அந்த வீடியோக்களில் காட்டுகிற பளபள பிளாஸ்டிக் மீன் இரையும் இங்கே பெரும்பாலும் தண்டம். அவர்கள் துரத்துவது வேட்டையாடும் மீனை. நம்ம அணைகளில் விட்டு வளர்ப்பதோ கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்தண்ணீரில் நுண்ணுயிர் தின்கிறது, ரோகு நடுவில், மிர்கால் அடிமண்ணில். எதுவும் பிளாஸ்டிக் மீனை விரட்டிக்கொண்டு வராது. இவற்றுக்கு மாவு உருண்டை, ஜிலேபிக்கு மண்புழு. வேட்டைக்கார மீன் வேண்டுமென்றால் விரால், அது பாசி ஓரத்தில்தான் கிடக்கும், அங்கே தவளை மாதிரி இரைக்கு வேலை உண்டு. (ஜிலேபியும் ஒன்றும் வைகைக்காரன் இல்லை, 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பார்ட்டி. இப்போது மீன் கடையில் அதுதான் லோக்கல்!)

யாரும் பேசாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த மீன் யாருடையது?

மீன்குஞ்சு வளர்த்து அணையில் விடுவதற்கு ஆள் இருக்கிறது, செலவு இருக்கிறது. பிடிக்கிற உரிமைக்கும் விதி இருக்கிறது. பரிசலில் போகிறவர்களுக்கு அது பொழுதுபோக்கு கிடையாது, அன்றைய அடுப்பு. சாயங்காலம் வலை போட்டுவிட்டு விடியலில் எடுக்கிறார்கள். தக்கைக்குப் பதிலாக மிதக்கிற காலி பாட்டில்களைப் பார்த்து "குப்பை" என்று நினைத்து அதன்மேலேயே துடுப்பு போடுகிற பையன், ஒரு குடும்பத்தின் வலையைக் கிழித்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறான். தானும் அதில் சிக்கினால் துடுப்பும் போகும், சமயத்தில் ஆளும் போவான். கண்மாய்களிலும் இதே கதைதான், மீன் பெரும்பாலும் குத்தகைக்காரருடையது. தேக்கடியும் மேகமலையும் புலிகள் காப்பகம், அங்கே இந்த ஆசையே வேண்டாம். முல்லைப்பெரியாற்றில் லோயர் கேம்ப்புக்குக் கீழே இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த ஆற்றில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் மலைக்கு அந்தப் பக்கம் திறந்துவிடுகிறவர்கள் கையில் இருக்கிறது. வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறலாம்.

அதற்காக எல்லாவற்றையும் தடை செய் என்று சொல்வதும் சோம்பேறித்தனம். நீலகிரியில் ட்ரவுட் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு கொடுக்கிற வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. வைகை அணையிலும் அதுபோல ஒரு நாள் சீட்டு இருந்தால் என்ன கெட்டுப்போகும்? வலை போடாத ஒரு ஓரம், காலை நேரம் மட்டும், ஜாக்கெட் கட்டாயம், ஆளுக்கு இத்தனை மீன் என்று ஒரு அளவு, சீட்டுக் காசில் ஒரு பங்கு மீனவர்களுக்கு. கற்றுக்கொடுக்கவும் அவர்களையே வைக்கலாம், சம்பளத்தோடு. வேறெந்தப் பயிற்சியாளரைவிடவும் அந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தெரியும். எந்த மூலையில் பழைய கருவேல மரக் கட்டை முங்கிக் கிடக்கிறது, எங்கே சேறு, எங்கே பாறை என்று அவர்களைக் கேட்டால்தான் உண்டு.

அப்படி ஒரு ஏற்பாடு வருகிற வரைக்கும், ஆசைப்படுகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அணைக்குப் போய், கரையில் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு வலையிலிருந்து மீன் பிரிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டு கிலோ மீனை பேரம் பேசாமல் வாங்கிவிட்டு, "அண்ணே, காத்து எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேட்டுப் பாருங்கள்.