மூன்றாவது வரிசை இல்லாத வண்டி

ரீசேல் அண்ணாச்சி இந்த வாரமும் என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டார்.

பழைய வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. நான் பனி தள்ளும் மெஷின் வாங்கப் போனபோது, "நாளைக்கு வித்தா என்ன போகும்?" என்று கேட்டவர். சமையலறைச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடிக்க நாங்கள் ஆசைப்பட்டபோது, "வீட்டை வாங்க வர்றவனுக்கு மஞ்சள் பிடிக்கலைன்னா?" என்று வெள்ளை அடிக்க வைத்தவர். அண்ணாச்சி எந்தப் பொருளையும் வாங்குவதில்லை. விற்கும் வரை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு பழைய செய்தியைத் தோண்டியெடுத்துப் போட்டிருந்தார். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காரில் 2025 மாடலிலிருந்து அமெரிக்காவில் கையால் கியர் மாற்றும் வகை கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக்தான் என்ற செய்தி. கீழே அவருடைய தீர்ப்பு: "நல்லதாப் போச்சு. கிளட்ச் வண்டியை நாளைக்கு எவன் வாங்குவான்?"

குழுவில் பதினாறு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

வாரக் கடைசிக்கென்று ஒரு வண்டி வாங்கப் போகிறேன் என்று போன மாதமே எழுதியிருந்தேன். ஐம்பதைத் தொடப் போகிறவன் கார் தேடினால் அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் சியன்னா மினிவேனை உங்களுக்குத் தெரியுமே. எட்டுப் பேர் உட்காரலாம். சீட் இடுக்கில் சிப்ஸ் தூள், பாட்டு கிளாஸ் நோட்டு, 2019-ல் காணாமல் போன ஒற்றைச் சாக்ஸ். எங்கள் நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் கோவில் புளியோதரை வாசனை குடியேறி வருஷக்கணக்காகிறது. அந்த வண்டியிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரேஷன் கார்டிடம் யாருக்காவது குறை உண்டா? ஆனால் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு யாரும் உலா போவதில்லை.

எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுப் பலசரக்குக் கடை வாசலில் ஒரு சனிக்கிழமை நின்று பாருங்கள். சாம்பல், வெள்ளி, வெள்ளை. மறுபடியும் சாம்பல். எல்லா டேஷ்போர்டிலும் ஒரு பிள்ளையார். கொத்தமல்லிக் கட்டோடு வெளியே வருகிற மனுஷன், தன் வண்டி எது என்று தெரியாமல் ரிமோட்டை அமுக்கி அமுக்கி, எது கத்துகிறதோ அதில் ஏறிப் போகிறான். பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? கேட்டால் ஒரே பதில்: ரீசேல். எப்போதோ வரப்போகிற, முகம் தெரியாத ஒரு ஆளுக்குப் பிடிக்க வேண்டுமே என்று, பத்து வருஷம் ஓட்டப் போகிற நாம் நமக்குப் பிடிக்காததை வாங்குகிறோம். நம் ஊரில் பெண்ணை வளர்த்த லட்சணமும் இதுதானே என்று ஒரு முறை எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

கிளட்ச் போகும் வரை ஜிடிஐ என் பட்டியலில் முதலில் இருந்தது. நாலு கதவு, பின் சீட்டு, சாமான் வைக்க இடம். குடும்பஸ்தனின் குறும்பு என்று சொல்லலாம். இரண்டாவது, கூரை திறக்கும் மஸ்டாங். நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசை சாப்பிடப் போகிறோமே, அதற்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்த உலகக் கண்காட்சியில்தான் 1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங்கை முதன்முதலில் காட்டினார்கள். பிள்ளையார் அங்கே குடமுழுக்குக் கண்டது 1977-ல். அந்த வட்டாரத்தில் அவரைவிட மஸ்டாங் மூத்தது. ஆனாலும் ஐந்தடி எட்டங்குலம் வளர்ந்துவிட்ட என் மகளைக் கூரை திறக்கும் காரின் பின் சீட்டில் மடித்து வைக்க முடியாது.

மிஞ்சியது மாஸ்டா மியாட்டா. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர், 1979-ல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், சின்னதாக, லேசாக, கூரை திறக்கிற மாதிரி ஒன்று செய்யுங்களேன் என்று யோசனை சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் அது வந்து நின்றது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. குதிரையும் சவாரிக்காரனும் ஓருடம்பு என்று ஜப்பானியர் அதற்குத் தத்துவம் சொல்கிறார்கள். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் சியன்னாவில் பாதி. கிளட்ச் இன்னும் உண்டு. சீட் மட்டும் இரண்டே இரண்டு.

"நாலு பேர், ரெண்டு சீட். உங்களுக்குக் கணக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் மனைவி.

சட்டம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நியூ ஜெர்சியில் 8 வயதுக்கும் 57 அங்குலத்துக்கும் உட்பட்ட பிள்ளைக்குத்தான் தனி இருக்கை கட்டாயம். மகனுக்கு 12 வயது, உயரமும் தாண்டிவிட்டான். அவள் அதற்கும் மேலே படித்திருந்தாள். 13 வயது ஆகும் வரை பின் சீட்டுதான் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. "அவனுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு" என்றாள். மகன் அப்போதே காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஆக, வந்தால் வர வேண்டியவள் 16 வயது மகள். அவள் எங்கள் வீட்டில் குடியிருக்கிறாள் என்பதற்குச் சாட்சி, மாடியில் கதவு மூடும் சத்தம்.

சாமர்செட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் மியாட்டாவைப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்குக் கொடுத்தார். 287, 202 என்று சாலைகளைப் பிடித்து, ஃப்ளெமிங்டன் பக்கம் வண்டியை விட்டேன். கூரையை மடித்திருந்தோம். காதில் மாட்டியதைக் காற்றுச் சத்தத்தில் ஐந்து நிமிஷம் சகித்துப் பார்த்துவிட்டு மகள் கழற்றிப் பையில் போட்டாள். "அந்த மூணாவது பெடல் எதுக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப இத்தனை நாள் அந்த வேலையை யாரு செஞ்சா?" என்றாள். நல்ல கேள்வி.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். அமெரிக்காவில், வண்டிக்குப் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் விடாத ஒரே மாநிலம் இப்போது நியூ ஜெர்சிதான், 1949-லிருந்து தடை. எனவே ஒரு பெரியவர் எழுந்து வந்தார். இவ்வளவு தாழ்வான வண்டியில் உட்கார்ந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தபோது, எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

கோவில்பட்டி பங்க்கில் நான் அப்படித்தான் அண்ணாந்து பார்ப்பேன். பங்க்காரர் ஆயிலைச் சின்னக் குவளையில் அளந்து ஊற்றி, பெட்ரோலைப் பிடிப்பார். அப்பா வண்டியைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டிக் கலக்குவார். பிறகு பெடலை மிதித்தால், நீலப் புகையோடு டிவிஎஸ் 50 உயிர் பிடிக்கும்.

கிளட்ச் போச்சே என்று செவ்வாய்க்கிழமை ஒப்பாரி வைத்தவன் இதையும் சொல்லிவிட வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஏறிய மிகச் சிறந்த வண்டிக்குக் கியரே கிடையாது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். ஓசூரிலிருந்து 1980-ல் அது வந்தபோது அதன் பெருமையே, இந்தியாவில் இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட் என்பதுதான். கவனியுங்கள், இரண்டு பேர். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். தபால் ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவிடம், "மத்தவங்க என்ன செய்ய?" என்று அம்மா கேட்டிருப்பாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கழுகுமலையில் இருந்த அத்தைக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வர அப்பா போவார். பின்னால் நான். இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கரிசல், சீமைக் கருவேலம், வெயில். எனக்குத் தெரிந்த அப்பா, சட்டையின் முதுகுப் பக்கம்தான். வீட்டில் அவர் பேசுகிற வாக்கியங்களை விரல் விட்டு எண்ணலாம்: மார்க் எவ்வளவு, விளக்கை அணை, சாப்பிட்டாச்சா. எதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வாய் வராது. வண்டி ஊர் எல்லையைத் தாண்டினதும் அந்த முதுகு பேச ஆரம்பிக்கும். காற்றில் பாதி பறந்துவிடும். மீதியை நான் சட்டையில் காதை வைத்துப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாண்டியர் காலத்தில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்ட கோயில். "ஏம்ப்பா பாதியில விட்டாங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. ரெண்டு கிலோமீட்டர் போன பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

இருபது வயதில் அவருக்குப் பம்பாயில் ஒரு மில்லில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. போனார். போன இடத்தில் வேலை இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேலை இருந்ததாம். சம்பளமும் நல்ல சம்பளமாம். ராத்திரி படுத்தால் அழுகை வந்திருக்கிறது. மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டார்.

"பாதியில விட்டதெல்லாம் கேவலம் இல்லலே" என்றார். அப்புறம், "வீட்டுல சொல்லாத."

சொல்லவில்லை. 2000-ல் நான் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது, மீனம்பாக்கத்தில் அம்மா, அக்கா, சித்தப்பா எல்லோரும் நிற்கையில், அப்பா என் பக்கம் திரும்பாமல் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "மூணா நாளே கெளம்பி வந்துராத, என்ன" என்றார். பிள்ளையை அனுப்பும்போது பேசுகிற பேச்சா இது என்று அம்மா கோபப்பட்டாள். எனக்கும் அவருக்கும் மட்டும் சிரிப்பு வந்தது.

இதையெல்லாம் ஃப்ளெமிங்டனிலிருந்து ஃப்ரெஞ்ச்டவுன் போகிற 12-ஆம் நம்பர் சாலையில் மகளிடம் சொல்லிக்கொண்டு போனேன். ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். கியர் மாற்றுகிற வேலை வேறு இருந்தது. தாத்தா ரகசியத்தை உடைத்தது தப்புதான். நாற்பது வருஷம் காப்பாற்றியாயிற்று.

ஃப்ரெஞ்ச்டவுனில் டெலவேர் ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம். தளமும் இரும்புக் கம்பி வலைதான். மெதுவாகத்தான் போக விடுவார்கள். டயர் ஏறியதும் தம்பூராவை மீட்டின மாதிரி அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். அக்கரை பென்சில்வேனியா. போய், திரும்பி, மறுபடி ஏறினோம். பிறகு ஆற்றை ஒட்டியே 29-ஆம் நம்பர் சாலையில் லாம்பர்ட்வில் பக்கமாக வண்டியை விட்டேன். வலது பக்கம் மரங்களுக்கு நடுவில் ஆறு கூடவே வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், என் பக்கம் திரும்பாமல் பேச ஆரம்பித்தாள்.

இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது வரை எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது மட்டும் இங்கே வராது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "அப்படி என்னதான் பேசினீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மனைவி. "ஆத்தைப் பத்தி" என்றேன். அதே நொடியில் மகள், "கியரைப் பத்தி" என்றாள்.

மனைவி விடவில்லை. "பேசுறதுதான் விஷயம்னா சியன்னாவுல ரெண்டு பேரும் போங்களேன். அதுவும் டூ சீட்டர்தானே?" நியாயமான வாதம், செலவில்லாத வாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரீட்சித்துப் பார்த்தோம். மகள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏறி, பழக்க தோஷத்தில் நேராக மூன்றாவது வரிசைக்குப் போய்க் காதில் மாட்டிக்கொண்டாள். ஓக் ட்ரீ ரோடு வரை டாக்ஸிக்காரன் மாதிரி ஓட்டிக்கொண்டு போய், கொத்தமல்லி வாங்கித் திரும்பினோம்.

எனவே மியாட்டா ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு. அண்ணாச்சி வழக்கம்போல், "நாளைக்கு வித்தா என்ன போகும்?" என்று எழுதியிருந்தார். பதில் சொல்லலாம் என்று நேற்று ராத்திரி கோவில்பட்டிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன்.

"அப்பா, அந்த டிவிஎஸ் 50 என்ன விலைக்குப் போச்சு?"

யோசித்தார். "எழுநூறோ எண்ணூறோ. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

திரையில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.